பாதியும் பாத்தியும்

மகனே,

முதலில் "அன்புள்ள" என்று அடித்தேன், பிறகு அழித்துவிட்டேன். உன் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. வருவதா விடுவதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. நீ போனில் கேட்ட ஒவ்வொரு முறையும் "பாப்பம்" என்று சொல்லி வைத்தேன். அதை நீ என் முழங்கால் நோ என்று விளங்கிக்கொண்டாய். வான் அனுப்புகிறேன், குளிரூட்டின வான், காலை நீட்டிக்கொண்டு வரலாம் என்றாய். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. மண்டபத்தில் முன்வரிசையில் இருத்திவைக்க உனக்கு ஒரு அம்மா தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு நான் தோதுப்படுவேனா என்பதுதான் எனக்குச் சந்தேகம். ஏன் சந்தேகம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். அழைப்பிதழில் தங்க எழுத்து எந்தப் பக்கம் வரவேண்டும் என்று மூன்று நாள் யோசித்தவனுக்கு இதை வாசிக்கவும் நேரம் கிடைக்கும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. எங்கள் வாசிகசாலை இந்த வருடம் போடும் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வழக்கமாக மற்றவர்களின் கட்டுரைகளைத் தட்டச்சுச் செய்து கொடுப்பவள் நான். இந்த முறை என்னுடையதையே கொடுக்கிறேன். நீ செய்ததை ஆட்களுக்கு முன்னால்தான் செய்தாய். என் பதிலும் ஆட்களுக்கு முன்னால் இருக்கட்டும். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. ஸ்கந்தபுரத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் பெண் நான் ஒருத்திதான், ஆகவே இங்கே யாருக்கும் பெயர் தேவைப்படாது. கொழும்பில் உன்னோடு வேலை செய்பவர்கள் வன்னியில் அச்சாகும் மலரை வாசிக்க மாட்டார்கள். பயப்படாதே.

கடையில் இருக்கும் கணினியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீயும் அதிலிருந்துதான் தொடங்கினாய். இரண்டு ஜிபி ராம் உள்ள பழைய பெட்டி. நீ கம்பஸில் படித்த காலத்தில், விடுமுறைக்கு வந்து, அதிலிருந்த விண்டோசைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டாய். "இனி இது பத்து வருசம் ஓடும் அம்மா" என்று மேசையில் தட்டிச் சொன்னாய். அது ஓடியது. உன் முதல் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியதும் அதிலிருந்துதான். அப்போது அது உனக்குக் கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. வேலை கிடைத்து, கழுத்தில் அட்டை மாட்டி, குளிர் அறையில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் உனக்கு அந்தப் பெட்டியில் நாற்றம் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறை வரும்போதும் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வாடிக்கையாளருக்கு முன்னால் நீ அப்படிச் சிரிக்கும்போது பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாயா என்னைப் பார்த்தா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அது இழுக்கத் தொடங்கியது. ஒரு கடிதமும் ஸ்கானும் சேர்த்துத் திறந்தால் போதும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டு கிர்கிர் என்று அரைக்கும், மௌஸ் நகராது, வந்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே கடை வைத்திருக்கும் தம்பி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அன்ரி, இதுக்கு இப்ப ராமும் வராது, ஒண்டும் வராது" என்று சொல்லிவிட்டுப் புதியதின் விலைப் பட்டியலை என் கையில் தந்தார். கணினி திருத்துகிறோம் என்று வெளியே பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே திருத்தத் தெரிந்த ஒருவரும் இல்லை. மாற்றி வாங்கு என்று சொல்வதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு படிப்பும் வேண்டாம், ஒரு ஏளன முகம் இருந்தால் போதும். அந்த முகம் உனக்கும் இருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்தேன்.

இருந்தாலும் உனக்குத்தான் போன் எடுத்தேன். மீட்டிங்கில் நிற்கிறேன் என்றாய். பிறகு ஒரு செய்தி அனுப்பினாய், வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தமிழ். இசட்-ராம் ஒன்று போடச் சொல்லியிருந்தாய். அது என்ன என்று நீ விளக்கவில்லை. விளங்காது என்று முடிவு கட்டியிருப்பாய். நானே தேடி வாசித்தேன். ராமில் இடம் முடிந்தால் கணினி சில சாமான்களைத் தூக்கி வட்டில் வைக்கும். அந்த வைப்புக்கு சுவாப் என்று பெயர். வட்டு மெதுவானது, அதனால்தான் இழுவை. இசட்-ராம் என்பது, தூக்கியதை வட்டுக்கு அனுப்பாமல் ராமுக்குள்ளேயே அமுக்கிச் சின்னதாக்கி வைப்பது. புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. இருக்கிற இடத்துக்குள்ளேயே சமாளிக்கிற வித்தை. வாசித்தபோது எனக்கு இது யாரோ எங்கள் பக்கத்து ஆள் கண்டுபிடித்தது என்றே தோன்றியது. உன் செய்தியின் அடுத்த வரியை நான் இப்படி வாசித்தேன்: "ராம்ல பாத்தி போடுங்கோ, காணும்." பாத்தி போட்டால் போதுமாம்.

பாத்தி போடுவது எனக்குத் தெரியாத வேலையா? வீட்டுக்குப் பின்னால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வருடா வருடம் நாலு பாத்தி போடுகிறவள். கணினியிலும் அப்படித்தான் பிரித்துப் போட வேண்டும் போலும் என்று எடுத்துக்கொண்டேன். தேடிப் பார்த்தேன், ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் பிரித்துப் போடலாம் என்று ஒரு பழைய பக்கத்தில் இருந்தது. அது போதும், நான் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது. எத்தனை பாத்தி என்று நீ சொல்லவில்லை, நாலு போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அளவு கேட்டது. இருக்கிற ராமின் முழு அளவையும் ஒவ்வொன்றுக்கும் கொடுத்தேன். கணினி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. இரண்டு ஜிபிக்குள் எட்டு ஜிபி. இனி வட்டு எதற்கு என்று அதிலிருந்த பழைய சுவாப்பையும் நானே நிறுத்திவிட்டேன். இரண்டு கிழமை பட்டாகப் போனது. கடிதம், விண்ணப்பம், மரண அறிவித்தல் எல்லாம் சடசடவென்று வந்தது. உன்னைப்பற்றி ஆட்களிடம் பெருமையாகக் கதைத்தேன். அந்தப் பெருமையை நான் இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிறகு உன் சித்தி வந்தாள். வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அவள் என் கூடப் பிறந்த ஒரே தங்கை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரத்தில், கச்சானும் உழுந்தும் போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறாள். பிள்ளை இல்லை; சித்தப்பாவும் இல்லை. யானை வந்தால் தகரம் தட்டுவதும் அவள்தான், அடுத்த நாள் வேலியை நிமிர்த்துவதும் அவள்தான். எங்கள் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கலவரத்தில் அடிவாங்கி வன்னிக்கு வந்து வெட்டிய காணி அது. காடாக இருந்ததைக் கையால் வெட்டினார். உறுதிப் பத்திரம் என்று ஒன்று யாரும் தரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பகுதிக்குக் காணிக் கச்சேரி, அதாவது காணி உரிமை விசாரணை, வைக்கிறார்கள், உரிமை கோருபவர்கள் தங்கள் ஆவணங்களோடு வரவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. நாள் மூன்றுதான் இருந்தது. அவள் யூரியா பைக்குள் பொலித்தீன் பை, அதற்குள் துணி, அதற்குள் கடதாசிகள் என்று சுற்றிக்கொண்டு, பஸ் மாறி மாறி என் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

காலையிலிருந்து அவளுடைய விண்ணப்பத்தை எழுதினோம். எல்லைகளை அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் வேலி, தெற்கே அப்பா வெட்டாமல் விட்ட பாலைமரம். பிறகு கடதாசிகளை ஸ்கான் செய்யத் தொடங்கினேன். பழைய குடும்ப அட்டை, கிராமத்து அதிகாரி விதானையாரின் கடிதம், யாரோ எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துண்டுகள். இடம்பெயர்ந்த வழியெல்லாம் அவள் மடியில் கட்டிக்கொண்டு திரிந்த கடதாசிகள். சேறும் மழையும் பட்டு மஞ்சளாகி, முத்திரை மங்கி இருந்தன. மங்கிய முத்திரையும் தெரியவேண்டும் என்று நிறத்தோடும் பெரிய அளவிலும் எடுத்தேன். ஒன்பதாவது கடதாசியில் கணினி செத்ததுபோல் நின்றது. பொறுப்போம், தானாகத் தெளியும் என்று தேத்தண்ணி போட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் உன் கார் வந்து நின்றது.

நீ கட்டப்போகிற பிள்ளையை அன்றைக்குத்தான் முதல்முறை எங்கள் கடைக்குக் கூட்டி வந்தாய். அந்தப் பிள்ளையைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தில் மரியாதையோடு பேசப்படும் இரண்டு பேரில் அதுவும் ஒன்று. சித்தி உன்னைக் கண்டதும் எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உன் முகத்தைத் தொடுவதற்கு இரண்டு அடி வந்தாள். நீ அவளைத் தாண்டிப்போய்த் திரையைப் பார்த்தாய்.

"அம்மா, இது மனுசர் பாவிக்கிற சாமானே? தூக்கி எறியுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

தொடாதே, உள்ளே காணி விண்ணப்பம் இருக்கிறது, இன்னும் சேமிக்கவில்லை என்று சொன்னேன். சேமிக்காதது என் பிழை. உலகத்துக்கெல்லாம் சேமியுங்கோ சேமியுங்கோ என்று சொல்பவள் அன்றைக்குச் சேமிக்கவில்லை. ஆனால் நான் சொல்லி முடிக்கும் முன்பே நீ குனிந்து வயரைப் பிடுங்கினாய். ஒரு கடிதம்தானே, திருப்பி அடிக்கலாம் என்றாய். அந்தப் பிள்ளை அதற்குள் தான் இருந்த கதிரையை விட்டு எழுந்து சித்தியை இருத்தியது. பிறகு உன் பக்கம் சரிந்து, இவா ஆர் என்று மெதுவாகக் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது. நீ மெதுவாகச் சொல்லவில்லை.

"கடைக்கு வந்த ஆள். அம்மாட்ட எழுத்து வேலைக்கு எல்லா இடத்தாலயும் வருவினம்."

சித்திக்குக் கேட்டது. கதிரையிலிருந்து எழுந்து, கடதாசிகளைத் துணியில் சுற்றி, துணியைப் பொலித்தீனில் வைத்து, பையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். நீ அந்தப் பிள்ளைக்குப் பெட்டியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்த ஆள் யார் என்று இப்போது நான் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு வெட்டையில் தறப்பாள் கட்டி இருந்தோம். எனக்கு மலேரியா. உன்னைத் தூக்கக்கூடக் கையில் பலம் இல்லை, பாலும் நின்றுபோனது. உன் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். நாலு மாதம் உன்னை வளர்த்தவள் அவள். யாரோ ஒரு வீட்டில் போய் ஆட்டைக் கட்டிப் புல்லறுத்துக் கொடுத்து, அந்தக் கூலிக்கு ஆட்டுப்பால் வாங்கி உனக்குப் பருக்கினாள். நான் திரும்பி வந்தபோது நீ என்னைக் கண்டு அழுதாய். அவள் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றாய். அந்த இடுப்பில் இருந்தவன்தான் இப்போது மேலாளராம். கூட்டங்களில் ஆட்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைக்கும் வேலையாம். நல்ல பழக்கம்தான்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவள் திரும்பவும் வந்தாள். உன்னைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கணினியைப் போட்டு, அது எழும்பும்வரை உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். கொம்பியூட்டர் என்ஜினியராம், ஒழுங்காக ஒன்று சொல்லித் தரத் தெரியாது, அவன் சொன்னபடி செய்துதான் இந்தச் சீர் என்று சொல்லி, சாட்சிக்கு உன் செய்தியையும் எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ராம்ல பாத்தி போடுங்கோ, காணும். நாலு பாத்தி போட்டேனே, காணவில்லையே என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தி இல்லக்கா, பாதி. அம்மா பாதி ரொட்டி, பாதி ரொட்டின்னு சொல்லுமே, அந்தப் பாதி."

ஆங்கில எழுத்தில் எழுதினால் பாதிக்கும் பாத்திக்கும் ஒரே எழுத்துத்தான். ராமில் பாதி போடுங்கோ. அரைவாசி. ஒன்றே ஒன்று, அரைவாசி அளவில். நீ எழுதியது அவ்வளவுதான். முதலில் எனக்கு உன் மேல்தான் இன்னும் கோபம் வந்தது. அரைவாசி என்று எழுதத் தெரியாதவன், கொழும்பில் யாரிடமிருந்தோ பாதி என்று பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு அந்தக் கோபம் நின்ற இடத்தில் நின்றது. பாதி என்பது கொழும்புச் சொல் இல்லை, மகனே. அது என் வீட்டுச் சொல். என் அம்மா சாகும்வரை சொன்ன சொல். அதை வாசிக்கத் தெரியாமல் போனவள் நான். சித்திக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏன் தெரியவில்லை என்றும் சொல்கிறேன். மலையிலிருந்து வந்த புதிதில், கிணற்றடியில், வாளியில் பாதித் தண்ணி போதும் என்று நான் சொன்னதைக் கேட்டு நாலு பெட்டைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களை அப்போது என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. மலரை வாசிக்கும் வயதுபோன சிலருக்கு அது நல்ல ஞாபகம் இருக்கும்; அவர்கள் இப்போது மேடைகளில் ஒற்றுமை பற்றிப் பேசுகிறார்கள். நான் அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆறு மாதத்தில் நாக்கை மாற்றினேன். பாதி அரைவாசியானது, ஆமாம் ஓம் ஆனது. சித்தி மாற்றவில்லை, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவளைக் கிணற்றடிக்கு என்னோடு வரவேண்டாம் என்று சொன்னவளும் நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பத்தில் உன் அப்பாவைக் கட்டினேன். நீ டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், அம்மாவுக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்டால் ஸ்கந்தபுரம் என்று சொல்லு, அதற்கு மேலே கதைக்காதே என்று உனக்குச் சொல்லி அனுப்பினேன். நீ நல்ல மாணவன். அதையும் நன்றாகப் படித்துக்கொண்டாய். உன் மாமனார் வீட்டு ஆட்கள் பொருத்தம் பேச வந்தபோது என் பகுதி ஆட்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். நீ கதையை மழைக்கு மாற்றினாய். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது; அடுத்த கோப்பையை நிரப்பினேன். கடையில் நீ உன் சித்தியைக் கடைக்கு வந்த ஆள் என்று சொன்னபோதும், இவ என்ர தங்கச்சி என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நானும் வாய் திறக்கவில்லை. உன்மேல் நான் வைத்திருக்கிற இளக்காரத்தில் பெரிய பங்கு எனக்கும் சேரவேண்டியது. ஆனால் எனக்கு அன்றைக்கு இருந்தது பயம். உனக்கு என்ன பயம்? நாலு பெட்டைகளா சிரித்தார்கள்?

கணினியின் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் உன்மேல் பழி இல்லை என்று எழுத்தில் இருக்கவேண்டும். அது நின்றது என் பிழையால். திரும்பவும் ஸ்கான் செய்யத் தொடங்கி, அது இழுக்கும்போதே பட்டியலைத் திறந்து பார்த்தேன். நாலு வரி, நாலும் நிரம்பிக்கொண்டு வந்தன. எவ்வளவு உள்ளே போனது, அமுக்கிய பிறகு எவ்வளவு ஆனது என்று இரண்டு நிரல் காட்டும். தட்டச்சுக் கடிதம் அமுங்குகிறது, வைக்கோலை மிதித்துக் கட்டுவது மாதிரி. கறையும் மஞ்சளும் படிந்த பழைய கடதாசியின் படம் அமுங்குவதில்லை. அது நெல் மூட்டை, எவ்வளவு மிதித்தாலும் மூட்டை மூட்டைதான். எட்டு ஜிபி இருக்கிறது என்று நான் கணினிக்குப் பொய் சொன்னேன், அது நம்பி நெல்லை எல்லாம் உள்ளே திணித்து, மூச்சுவிட இடமில்லாமல் நின்றது. நாலையும் தூக்கினேன். ஒன்றே ஒன்று, ஒரு ஜிபி அளவில் போட்டேன். வட்டிலிருந்த பழைய சுவாப்பைத் திரும்பத் திறந்து, முன்னுரிமையில் கீழே வைத்தேன்; முதலில் இது நிறையட்டும், அமுங்காதது மிஞ்சினால் வட்டுக்குப் போகட்டும் என்று. மத்தியானத்துக்குள் பதினொரு கடதாசியும் ஸ்கான் ஆகி, எல்லைகள் திரும்ப அடிக்கப்பட்டு, அச்சாகி அவள் கையில் இருந்தன. நீ தூக்கி எறியச் சொன்ன சாமான்தான் செய்தது. இதை உன் மீட்டிங்கில் சொல்லு.

கச்சேரிக்கு நானும் போனேன். பிரதேச செயலகத்தின் மண்டபம் நிறையச் சனம். எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்தது ஒரு இளம் உத்தியோகத்தர், நல்ல பொறுமையான பிள்ளை. கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. எல்லாம் சரி, எல்லைகளும் தெளிவாக இருக்கிறது என்றது. கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அது, காணி அவளுக்குப் பிறகு யாருக்குப் போகவேண்டும் என்று எழுதும் பக்கம். கடையில் நான் கேட்டபோது, அதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தி தட்டிக் கழித்திருந்தாள்.

உங்களுக்குப் பிறகு காணி ஆருக்கு அம்மா என்று உத்தியோகத்தர் கேட்டது. சித்தி உன் பெயரைச் சொன்னாள். முதலெழுத்தோடு, உன் அப்பாவின் பெயரோடு, பாடசாலையில் கூப்பிடுவதுபோல் முழுப் பெயரையும் சொன்னாள். உறவுமுறை என்று கேட்டது. மகன் என்றாள். உத்தியோகத்தர் குடும்ப அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெறாமகனோ அம்மா, சகோதரியின்ர மகனோ என்று கேட்டது. பெறாமகன் என்பது இங்கத்தைச் சொல். அவள் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. "மகன்தான்" என்று திரும்பவும் சொன்னாள். உத்தியோகத்தர் என்னைப் பார்த்தது. இந்தப் பகுதியில் பாதிப் பேருடைய படிவத்தை நிரப்பியவள் நான். அந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் நிரப்பிக் கொடுக்கவில்லை. அவசரமில்லை, இந்த மாதத்துக்குள் அவருடைய அடையாள அட்டைப் பிரதியோடு நிரப்பிக் கொண்டு வாருங்கோ என்று சொல்லி, பக்கத்தைத் திருப்பித் தந்தது.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். உன்னை ஆர் எண்டு சொல்ல வாய் வராதவனுக்கோ அப்பாவின் காணியை எழுதுகிறாய், அன்றைக்கு அவன் சொன்னது உனக்குக் கேட்கவில்லையா என்று நடுவீதியில் நின்று கத்தினேன். கேட்டது என்றாள். பிறகு பஸ் வருகிறதா என்று வீதியை எட்டிப் பார்த்தாள்.

"காணி யாருக்குன்னுதான் அவங்க கேட்டாங்க. அவன் என்னை யாருன்னு சொன்னான்னு கேக்கலியேக்கா."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அந்தப் பக்கம் இப்போது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. உன் பெயர் எழுதியாகிவிட்டது. உறவுமுறை என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பலாம் என்று நினைக்காதே. அனுப்பினால் இந்தக் கணினி நன்றாகவே திறக்கும்; நான் திறக்க மாட்டேன். நீ வா. நீ கட்டப்போகிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. சித்தியை நான் வரச் சொல்லியிருப்பேன். அவள் எதிரில் இரு, பேனையை எடு, அந்தக் கட்டத்தை உன் கையால் நிரப்பு, பிறகு எழுதியதை அந்தப் பிள்ளைக்குக் கேட்கும்படி வாசி. அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் வாசி. அதைக் கேட்ட பிறகுதான் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போவேன். எடுத்தால் இரண்டு எடுப்பேன், இல்லாவிட்டால் ஒன்றும் எடுக்க மாட்டேன்.

அம்மா